‘புதுமை இல்லை’ என்று எழுதி அனுப்பிய நிபுணர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துத் தீர்ப்பு எழுதும் நிபுணர் குழு உறுப்பினர்களுக்கு,

எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது நீங்கள் கொடுத்த காரணம் மொத்தம் இரண்டு வரி. விண்ணப்பத்தில் சொல்லியிருக்கும் எம்ஓஎஃப் என்ற நுண்துளைப் பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை, அதனால் புதுமை இல்லை என்று ஒருவர். அவற்றின் துளைகளுக்குள் இருக்கும் பரப்பளவு குறைவு, இதைவிட நல்லவை வந்துவிட்டன என்று இன்னொருவர். நிதி கிடைக்காமல் போவது எங்களைப் போன்ற அரசுக் கல்லூரி லேபுகளுக்குப் பழகிப்போன விஷயம், அதற்காக யாரும் உட்கார்ந்து மடல் எழுதமாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு காரணங்களும் தவறு. இந்தத் துறையில் இருபது முப்பது வருடமாக நடந்ததைப் புரட்டிப் பார்த்தாலே தவறு என்று தெரிந்துவிடும், அப்படியிருந்தும் அதே இரண்டு வரியை ஊரில் உள்ள எல்லா லேபுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வேறு எங்கே அனுப்பியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நாங்கள் கேட்டது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல் ஆலைக் கழிவால் கெட்ட பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் எடுப்பது. எல்லாருக்கும் தெரிந்த மூன்று எம்ஓஎஃப்களைத் தண்ணீரிலேயே தயாரித்து, மணிகளாக உருட்டி, கண்ணாடிக் குழாய்களில் நிரப்பி, அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் ஓடவிடுவது. குரோமியம் 6 என்ற நச்சு வடிவக் குரோமியத்தை எது எவ்வளவு நாள் பிடித்துவைக்கிறது, எது நடுவில் உடைந்து தன் உலோகத்தையே தண்ணீரில் விடுகிறது, லிட்டருக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. பக்கத்திலேயே இன்னொரு குழாயில் கடையில் கிடைக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின், மற்றொன்றில் கிளர்வூட்டிய கரி, ஒப்பிட்டுப் பார்க்க. அவ்வளவுதான். இதில் அலங்காரமாக எதுவும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

இந்த மடலை உங்களைத் தவிர மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் எம்ஓஎஃப் என்றால் என்ன என்று ஒரு பத்தி. உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துக் கட்டிய படிகம் அது. கட்டடம் கட்டும்போது போடுகிற சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கயிற்று முடிச்சு இருக்கும் இடத்தில் உலோகம், மூங்கில் இருக்கும் இடத்தில் கரிம மூலக்கூறு, நடுவில் எல்லாம் காலி இடம். அந்தக் காலி இடத்தில்தான் கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், காற்றின் ஈரம், தண்ணீரில் கலந்த நச்சு என்று வேண்டியதைப் பிடித்து வைக்கலாம். உலோகத்தை மாற்றினால், மூலக்கூறின் நீளத்தை மாற்றினால் அறையின் அளவும் குணமும் மாறும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் செய்த ஒன்றில், ஒரு கிராமுக்குள் ஏழாயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு, அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். 2025-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இந்தத் துறைக்குத்தான் போனது, கியோட்டோவின் சுசுமு கிடகாவா, மெல்போர்னின் ரிச்சர்ட் ராப்சன், பெர்க்லியின் ஓமர் யாகி மூவருக்கும்.

நோபல் அறிவித்த அன்று நம் ஊரிலும் வாழ்த்து மழை பெய்தது. ஆளாளுக்கு வகுப்பெடுத்தோம், நானும் எடுத்தேன். ஆனால் பரிசுக் குழு வெளியிட்ட விளக்கக் குறிப்பில் ஒரு விஷயம் இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கிடகாவா 1990-களின் தொடக்கத்தில் நிதி கேட்டுப் போனபோது, நீ செய்யும் பொருள் நிலைத்து நிற்பதில்லை, எதற்கும் பயன்படாது என்று பல விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. அவர் விடாமல் செய்து, 1997-இல் அந்தக் காலி அறைகளுக்குள் மீத்தேனும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் போய்த் திரும்பி வருவதைக் காட்டினார். அதற்குப் பிறகும், இதே வேலையைச் செய்ய ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் இருக்கிறதே, இது எதற்கு என்றுதான் கேட்டார்கள். அவரிடம் பயன் எங்கே என்று கேட்டு மறுத்தார்கள். இப்போது நாங்கள் பயனைத் தேடிக்கொண்டு வந்தால் புதுமை எங்கே என்று கேட்டு மறுக்கிறீர்கள்.

சரி, ‘தெரிந்த பொருள்’ என்ற முதல் காரணத்துக்கு வருகிறேன்.

ஹெச்கேயுஎஸ்டி-1 உங்கள் எல்லாருக்கும் தெரியும். செம்பும் ட்ரைமெசிக் அமிலமும் சேர்ந்தது, 1999-இல் ஹாங்காங்கில் செய்தது, நீல நிறப் பொடி, எங்கள் எம்எஸ்சி மாணவர்கள்கூடச் செய்துவிடுவார்கள். 2013-இல் அமெரிக்காவில் ஒரு குழு, மீத்தேனைச் சேமிக்கப் பேர்பெற்ற ஆறு எம்ஓஎஃப்களை எடுத்து ஒரே கருவியில் ஒரே முறையில் ஒழுங்காக அளந்து பார்த்தது. அந்த ஆறில் ஜெயித்தது இந்தப் பழைய பொடிதான். அறை வெப்பநிலையில் 65 பார் அழுத்தத்தில் ஒரு லிட்டர் படிகத்துக்குள் 267 லிட்டர் மீத்தேன், அமெரிக்க எரிசக்தித் துறை அப்போது வைத்திருந்த இலக்கையே தொட்டுவிட்டது. பதினான்கு வருடமாக எல்லா லேபின் அலமாரியிலும் இருந்த பொருள் அது. அந்தக் குழுவே தங்கள் கட்டுரைத் தலைப்பில் இதை எதிர்பாராத கண்டுபிடிப்பு என்றுதான் போட்டது. அதோடு, பொடியை அழுத்திக் கட்டியாக்கினால் உள்ளே அறைகள் நொறுங்கிக் கொள்ளளவு குறைந்துவிடும் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அந்தச் சிக்கலைத் தீர்க்க கேம்பிரிட்ஜில் ஒரு குழு புதுப் பொருள் தேடவில்லை. அதே ஹெச்கேயுஎஸ்டி-1-ஐ எப்படி உலர்த்துவது, எப்படி வடிவம் கொடுப்பது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்து, கண்ணாடித் துண்டு மாதிரி ஒரே கட்டியாக வரவைத்து, 2018-இல் 259 லிட்டரை நிஜமாகவே எட்டினார்கள். உலர்த்தும் முறையை ஆராய நிதி வேண்டும் என்று நான் உங்களுக்கு எழுதியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எம்ஓஎஃப்-5. துத்தநாகமும் டெரெப்தாலிக் அமிலமும் சேர்ந்தது, யாகி 1999-இல் வெளியிட்டது, இந்தத் துறையின் மூத்த பிள்ளை. இதற்குள் எவ்வளவு ஹைட்ரஜன் போகும் என்பதற்கு ஆரம்பத்தில் ஒவ்வொரு லேபும் ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்தது. 2007-இல்தான் காரணம் தெளிவானது. காற்றே படாமல் தயாரித்தால், மைனஸ் 196 டிகிரியில் 40 பார் அழுத்தத்தில் எடையில் 7.1 சதவீதம். காற்றுப் பட்டுவிட்டால் 5.1. பொருள் ஒன்றுதான், செய்த விதமும் கையாண்ட விதமும்தான் வேறு. நம் நாடு தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது, 2030-க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்று இலக்கும் வைத்திருக்கிறது. அவ்வளவு ஹைட்ரஜனை எதில் வைப்பது என்ற கேள்வியில் எம்ஓஎஃப் ஒரு ஓரத்தில் நிற்கிறது. சென்னையில் மார்கழியிலேயே காற்றில் ஈரம் சொட்டும். அந்த ஈரம் பட்டுப் பட்டு எம்ஓஎஃப் எப்படிக் கெடுகிறது என்று வருடக்கணக்கில் அளக்கும் வேலைக்கு யாராவது நிதி கொடுத்திருக்கிறீர்களா?

இரண்டாவது காரணம், பரப்பளவு. இதற்கு நான் அதிகம் பேசத் தேவையே இல்லை, கால்ஃப்-20 என்ற எம்ஓஎஃப்பின் பெயர் ஒன்றே போதும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழு செய்தது. துத்தநாகம், ட்ரையசோல், ஆக்சலேட், மூன்றும் மலிவானவை. பரப்பளவு ஒரு கிராமுக்கு ஐந்நூறு சதுர மீட்டர் சொச்சம், நான் மேலே சொன்ன ஏழாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். உங்கள் இரண்டாவது நிபுணர் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார். ஆனால் அது ஈரமான புகையில் தண்ணீரை விட்டுவிட்டுக் கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கிறது, நேரடியாக நீராவி அடித்தால் பிடித்ததை விட்டுவிடுகிறது, லட்சக்கணக்கான முறை நீராவி அடித்த பிறகும் அப்படியே நிற்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிமென்ட் ஆலையில் வைத்து நாளுக்கு ஒரு டன் அளவில் ஓட்டிப் பார்த்தார்கள். பிஏஎஸ்எஃப் நிறுவனம் வருடத்துக்குப் பல நூறு டன் அளவில் தயாரிக்கும் நிலைக்கு 2023-இல் வந்துவிட்டது. 2021-இல் சயன்ஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் புனே ஐசரின் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ராமநாதன் வைத்தியநாதன் பெயரும் இருக்கிறது, ஆக நம் நாட்டில் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது.

பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் கருவியிலும் இதே கதைதான். 2017-இல் யாகி குழுவும் எம்ஐடியும் சேர்ந்து காட்டியது சிர்கோனியம் எம்ஓஎஃப்பில். அடுத்த கட்டத்துக்கு அவர்கள் அலுமினியத்துக்கு மாறியதில் விலைக்குப் பெரிய பங்கு உண்டு. விலை என்பது உங்கள் மதிப்பெண் படிவத்தில் எந்தக் கட்டத்தில் வருகிறது? எங்களுக்கு வந்த படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

இப்போது எங்கள் ஊர்த் தண்ணீருக்கு வருகிறேன், இந்த மடலின் முக்கியமான பகுதி இதுதான்.

குரோமியத்தை நீக்கும் எம்ஓஎஃப் என்று தேடினால் கட்டுரைகள் கொட்டும். பெரும்பாலானவற்றில் செய்முறை ஒன்றேதான். காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைப்பது, அமிலம் ஊற்றி பிஎச்சை 2 அல்லது 3-க்குக் கொண்டுவருவது, லிட்டருக்கு நூறு இருநூறு மில்லிகிராம் குரோமியம் இருக்கும்படி வைத்துக்கொண்டு பொடியைப் போட்டுக் கலக்குவது, பிறகு ஒரு கிராமுக்கு இவ்வளவு மில்லிகிராம் பிடித்தது என்று எழுதுவது. அந்த எண்தான் தலைப்புக்குப் போகும். எங்கள் ஊர்க் கிணற்று நீரின் பிஎச் ஏழு, ஏழரை, எட்டு. அந்த பிஎச்சில் குரோமியம் 6 பெரும்பாலும் குரோமேட் அயனியாக இருக்கும். இரண்டு எதிர்மின்சுமை, நான்முகி வடிவம். சல்பேட்டும் அதேதான், இரண்டு எதிர்மின்சுமை, நான்முகி வடிவம். தோல் பதனிடும் வட்டாரத்து நிலத்தடி நீரில் சல்பேட் குரோமியத்தைவிடப் பல மடங்கு அதிகம், அதோடு பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பெல்லாம் குளோரைடாக இறங்கியிருக்கிறது. எம்ஓஎஃப்பின் காலி அறைக்குள் முதலில் இடம் பிடிப்பது யார் என்பது வேதியியல் தெரிந்த யாருக்கும் விளங்கும். அப்புறம் பைகார்பனேட், பாஸ்பேட். சிர்கோனியம் எம்ஓஎஃப் தண்ணீரில் உறுதியானது என்று பேர் வாங்கியது, ஆனால் பாஸ்பேட் வந்து சிர்கோனியத்தைப் பிடித்துக்கொண்டால் கரிம மூலக்கூறு கழன்றுபோகும். இதில் எதுவுமே காய்ச்சி வடித்த நீரில் தெரியாது.

இந்திய தரநிலைப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. லிட்டருக்கு இருநூறு மில்லிகிராம் இருக்கும் கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு பிடிக்கிறது என்பதை வைத்துக்கொண்டு, அதே பொருள் 0.05-க்குக் கீழே கொண்டுவருமா என்று சொல்லவே முடியாது. இரண்டும் வேறு வேறு கேள்வி. மக்கள் குடிப்பது இரண்டாவது கேள்விக்கு உரிய தண்ணீரை.

என்னிடம் ஆய்வு செய்யும் ஒரு மாணவி இதைச் செய்தும் பார்த்தாள். காய்ச்சி வடித்த நீரில் அழகான வளைகோடு, யாருக்கும் காட்டலாம். அதே பொடியை ஒரு கிராமத்துப் போர்த் தண்ணீரில் போட்டபோது கொள்ளளவு ஒரேயடியாக விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுரை எழுதி ஒரு இதழுக்கு அனுப்பினோம். மதிப்பீட்டாளர் எழுதியது, இரண்டாவது வரைபடம் கட்டுரையின் வலிமையைக் குறைக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் அல்லது பின்னிணைப்புக்கு அனுப்புங்கள். அந்த மதிப்பீட்டாளர் உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது. அந்த ஒரு வரைபடத்துக்காகத்தான் அவள் வெயிலில் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பட்டம் வாங்க அவளுக்குக் கட்டுரை வேண்டும், உதவித்தொகை முடியும் தேதி நெருங்குகிறது. நிஜத் தண்ணீரைத் தொடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து கற்றுக்கொடுக்கிறோம்.

லேபுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருள்களில் பலவற்றை டிஎம்எஃப் என்ற கரைப்பானில்தான் செய்கிறார்கள். ஈரலைக் கெடுக்கும், கருவைப் பாதிக்கும் என்று தெரிந்த கரைப்பான். ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பரிலிருந்து தொழிலிடங்களில் அதற்குக் கடுமையான வரம்பு வைத்துவிட்டது. எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் நச்சுப் புகையை இழுக்கும் ஃபியூம் ஹுட்டின் விசிறி ஓடினால் அன்று நல்ல நாள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருளைத் தயாரிக்க இப்படி ஒரு கரைப்பான், வேலை முடிந்த பிறகு அது எந்தச் சாக்கடைக்குப் போகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. இன்னும் வேடிக்கை, குரோமியத்தால் ஆன எம்ஐஎல்-101 என்ற எம்ஓஎஃப்பை நீர்ச் சுத்திகரிப்புக்குப் பரிந்துரைக்கும் கட்டுரைகளும் இருக்கின்றன. அதன் முதல் செய்முறையில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேறு. ராணிப்பேட்டைக்காரரிடம் குரோமியம் கொண்டு வந்திருக்கிறேன், உங்கள் தண்ணீரைச் சுத்தம் செய்ய என்று சொல்லிப்பாருங்கள். இதற்காகத்தான் தண்ணீரிலேயே செய்யக்கூடிய, அலுமினியம் மாதிரி சாதாரண உலோகத்தில் ஆன, பரப்பளவு கொஞ்சம் குறைந்த பொருள்களை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் காரணத்தோடு எழுதியிருந்தோம்.

ஒருவர் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்வது வீண் செலவு என்று ஒரு எண்ணம் குழுக்களில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் படிகத் தரவகத்தில் எம்ஓஎஃப் வகையில் அடங்கும் கட்டமைப்புகள் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டன. அதில் கார்பன் டைஆக்சைடு உறிஞ்சும் அளவை வெவ்வேறு லேபுகள் தனித்தனியாகத் திரும்ப அளந்தவை எத்தனை என்று 2017-இல் அமெரிக்காவில் ஒரு குழு தேடியது. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குத் தரவு இருந்தவை விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன, அவற்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு அளவீடு மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நின்றது. இன்னொரு சோதனையில், அழுத்தம் ஏற ஏற எவ்வளவு வாயு உள்ளே போகிறது என்று காட்டும் 18 உறிஞ்சல் வளைகோடுகளை, ஏற்கெனவே அளந்து முடித்தவற்றை, 61 லேபுகளுக்கு அனுப்பி, இதிலிருந்து பரப்பளவைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். தரவு ஒன்றே, சமன்பாடும் ஒன்றே, வந்த விடைகள் பரந்து கிடந்தன. 2022-இல் வெளியான முடிவு இது. இந்த எண்ணை வைத்துத்தான் எங்கள் பொருள் மட்டம் என்று முடிவு செய்தீர்கள்.

நிதி குறைவு, எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பீர்கள். உண்மைதான், நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 சதவீதம், அது உங்கள் தப்பில்லை. பொருளை வாழ்க்கைக்குக் கொண்டுவருவது கம்பெனிகளின் வேலை, பல்கலைக்கழகம் புதிதாகக் கண்டுபிடித்தால் போதும் என்பதும் உங்களில் சிலருடைய வாதம். ஒரு கருத்தரங்கில் மேடையிலேயே ஒருவர் சொன்னார். கம்பெனி எப்போது வரும்? மத்திய அரசு 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு மேம்பாட்டு நிதி தனியார் துறைக்கு, அதிலும் தொழில்நுட்ப முதிர்ச்சியின் ஒன்பது படிகளில் நான்காம் படியையோ அதற்கு மேலோ எட்டியவற்றுக்கு. உங்கள் நிதி முதல் இரண்டு படிக்கு, புதுசாக இருந்தால் மட்டும். நடுவில் இருக்கும் படியில், அதாவது தெரிந்த பொருளை அழுக்குத் தண்ணீரில் போட்டுத் தாங்குமா என்று பார்க்கும் படியில், யாருமே காசு வைக்கவில்லை. கனடாவில் அந்தப் படியில் ஒரு பல்கலைக்கழகக் குழு நின்றது, பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியும் நின்றது, அதனால்தான் கால்ஃப்-20 சிமென்ட் ஆலைவரை போனது.

பாலாற்றைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோதே, தோல் ஆலை வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதைப் பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக வந்ததில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே பாலாற்றுக்காக, இழப்பீடு கொடு, நீரையும் நிலத்தையும் மீட்டெடு என்று உத்தரவு போட்டது. மீட்டெடு என்றால் எதைக் கொண்டு? அதற்கான விடைகளில் ஒன்றாக எம்ஓஎஃப் இருக்குமா இருக்காதா என்று எனக்கு முன்கூட்டியே முடிவு எதுவும் இல்லை. ஃபெரஸ் சல்பேட்டைப் போட்டுக் குரோமியம் 6-ஐக் குரோமியம் 3 ஆக்கிப் படியவைக்கும் பழைய முறையோ, சாதாரணப் பிசினோ எம்ஓஎஃப்பைத் தோற்கடித்தால் தோற்கட்டும். அது தெரிந்தால் நூறு லேபுகள் காய்ச்சி வடித்த நீரில் பொடியைக் கலக்குவதை நிறுத்திவிட்டு உருப்படியான வேறு வேலைக்குப் போகலாம். தோற்றுவிடும் என்ற பயம் எங்களுக்கு இல்லை. சோதித்தே பார்க்காமல் இன்னும் இருபது வருடம் போய்விடும் என்ற பயம் இருக்கிறது.

நீங்கள் சம்பளம் வாங்காமல், விடுமுறை நாளில் உட்கார்ந்து, கட்டுக்கட்டாக விண்ணப்பங்களைப் படிக்கிறீர்கள் என்பது தெரியும், நானும் சின்ன அளவில் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். அதனால் படிக்காமல் தள்ளினீர்கள் என்று சொல்லமாட்டேன். கையில் கொடுத்திருக்கும் படிவமே தப்பான கேள்வியைக் கேட்கிறது. அந்தப் படிவத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

கேட்பது இவைதான்.

தெரிந்த பொருள்களை நிஜமான நீரிலும் புகையிலும் நீண்ட காலம் சோதிப்பதற்கென்று ஒவ்வொரு வருடமும் ஒரு பங்கு நிதியைத் தனியாக ஒதுக்குங்கள். அந்த விண்ணப்பங்களுக்குப் புதுப் பொருளா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, எத்தனை சுழற்சி தாங்கும், உலோகம் எவ்வளவு கசியும், கிலோ என்ன விலை, எந்தக் கரைப்பானில் செய்கிறீர்கள், பழைய முறையோடு ஒப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள். குரோமியம், ஃப்ளூரைடு, ஆர்செனிக் எதுவாக இருந்தாலும், நீக்கிக் காட்டுகிறேன் என்று யார் நிதி கேட்டாலும் உள்ளூர் நிலத்தடி நீரில் ஒரு சோதனை கட்டாயம் என்று நிபந்தனை வையுங்கள். அது ஒன்றும் பெரிய செலவில்லை, ஒரு கேனும் பஸ் டிக்கெட்டும்.

சோதனையில் தோற்ற முடிவுகளையும் நிதி அறிக்கையில் முழு முடிவாக ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டாவது தவணையை அதற்காக நிறுத்தாதீர்கள். பல்கலைக்கழகங்களுக்கும் எழுதுங்கள், அப்படிப்பட்ட முடிவோடு வரும் மாணவருக்குப் பட்டம் தள்ளிப்போகக் கூடாது என்று. பரப்பளவு அளக்கும் கருவி எங்களைப் போன்ற கல்லூரிகளில் இல்லை, ஒரு மாதிரியை வெளியே அனுப்பினால் முடிவு வருவதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிவிடுகிறது. மாநிலத்துக்கு ஒன்றிரண்டு இடத்தில் பொது அளவீட்டு மையம் வைத்து, அரசுக் கல்லூரிகளுக்கு முறை ஒதுக்கி, அளந்த மூலத் தரவை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள்.

எங்கள் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். செய்ய முடியாது என்றால், அந்த இரண்டு வரிக்குப் பதிலாக, மூன்றாம் பக்கத்தில் நாங்கள் எழுதிய காரணங்களில் எது பொருந்தவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். கடைசியாக, நிதி யாருக்குக் கிடைத்தாலும் சரி, கிணற்றுத் தண்ணீர் எடுத்த ஊர்களுக்கு அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்ற முடிவைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும், அதற்கான செலவையும் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். கேனைப் பார்த்ததும் ஜனங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
வட தமிழ்நாட்டில் ஒரு அரசுக் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர்